கண்ணில் படுவதும் ஒரு கவசம்

மாலை ஆறரை மணி. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவன் ஒருவன் ஜூரோங் வட்டாரத்தில் மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறான். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. முன்னால் ஒரு பெரிய லாரி நிற்கிறது. லாரிக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே ஒரு மிதிவண்டி நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. மாணவன் அந்த இடைவெளியில் நுழைந்து, லாரியின் முன்சக்கரத்திற்கு அருகில் போய் நிற்கிறான்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. தம் மிதிவண்டியில் காய்கறிப் பைகளுடன் நிற்கும் முதியவர் ஒருவர் அழைக்கிறார்.

“தம்பி, அங்க நிக்காதே. பின்னால வந்துடு.”

“ஏன் ஐயா? இங்க இடம் இருக்கே?”

“இடம் இருக்குப்பா. ஆனா அந்த ஓட்டுநருக்கு நீ அங்க இருக்கிறதே தெரியாது. இருபது வருஷம் லாரி ஓட்டினவன் சொல்றேன், வா.”

மாணவன் தயக்கத்துடன் மிதிவண்டியைப் பின்னால் உருட்டி, லாரிக்குப் பின்னே வந்து நிற்கிறான். பச்சை விளக்கு எரிகிறது. லாரி சற்று முன்னேறி இடப்பக்கம் திரும்புகிறது. அதன் பின்சக்கரம், சற்றுமுன் அவன் நின்றிருந்த இடத்தில் தேங்கியிருந்த மழைநீரை வாரி இறைத்துவிட்டுச் செல்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், மிதிவண்டியில் சாலைக்குச் செல்லும் எவருக்கும் இது நிகழலாம். அந்த மாணவன் சாலை விதி எதையும் மீற எண்ணவில்லை, வேகமாகவும் ஓட்டவில்லை. பிறர் கண்ணில் படாத இடத்தில் நின்றான். அவன் செய்த தவறு அது ஒன்றுதான்.

தற்காப்பு என்றால் என்ன?

‘தற்காப்பு’ என்றதும் நம் நினைவுக்கு வருபவை சிலம்பம், சீலாட், டேக்வாண்டோ போன்ற கலைகள். ஆனால், சிலம்பம் பயில்வோர் கம்பைச் சுழற்றுவதை மட்டும் கற்பதில்லை. காலடி எடுத்து வைப்பதையும் கவனமாகப் பயில்கிறார்கள். எங்கே நிற்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது விலகுவது என்பவை அதில் அடங்கும். தவறான இடத்தில் நிற்பவருக்கு அவருடைய கைவலிமை உதவாது.

சாலையிலும் அதே நிலைதான். ஒரு மிதிவண்டியின் எடை ஏறத்தாழ 10 முதல் 15 கிலோகிராம். ஒரு காரின் எடையோ 1,000 கிலோகிராமுக்கும் அதிகம். லாரியின் எடை அதனினும் பல மடங்கு. இவை மோதிக்கொண்டால் மிதிவண்டியில் செல்பவர் வெல்ல முடியாது. ஆகவே, சாலையில் தற்காப்பு இரண்டு பழக்கங்களைச் சார்ந்திருக்கிறது. ஒன்று, பிறர் கண்ணில் தெளிவாகப் படுவது. மற்றொன்று, நாம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பிறர் முன்கூட்டியே அறியும்படி நடந்துகொள்வது.

புறப்படுவதற்கு முன்

மிதிவண்டியில் ஏறுவதற்கு முன் மூன்றைச் சோதிக்க வேண்டும். அவை காற்று, பிரேக், சங்கிலி. சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் காற்று போதுமா என்பது தெரியும். இரண்டு பிரேக்குகளையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும், சக்கரம் சுழலக்கூடாது. சங்கிலி தொய்ந்து தொங்கக்கூடாது. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது தலைக்கவசம். சிங்கப்பூரில் சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு முதல் சட்டம். ஆயினும், அதைச் சரியாக அணிந்தால்தான் பயன் உண்டு. சிலர் நெற்றி முழுவதும் தெரியும்படி தலைக்கவசத்தைப் பின்னே தள்ளி அணிகிறார்கள். முன்புறமாக விழுந்தால் அவர்களது நெற்றிக்குப் பாதுகாப்பு இராது. தலைக்கவசத்தின் விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டு வார்கள் காதுகளைச் சுற்றி ‘V’ வடிவில் அமைய வேண்டும். தாடைக்குக் கீழே உள்ள வாரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி இருக்கலாம்.

தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது இறுகிய நுரைப்பொருள். தலை மோதும்போது அந்த நுரை நசுங்கி, அதிர்ச்சியின் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், பலமாக மோதிய தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

பாதையும் வேகமும்

சிங்கப்பூரில் மிதிவண்டிக்குப் பலவகைப் பாதைகள் உள்ளன. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்குள் செல்ல வேண்டும். மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லலாம். நடந்து செல்வோருக்கு மட்டுமே உரியது என்று குறிக்கப்பட்ட பாதையில் ஓட்டக்கூடாது. விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதியே இல்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 3 மீட்டர் நகரும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டர் நகரும். வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து ஒரு குழந்தை திடீரென்று நடைபாதைக்கு ஓடி வருவதாக வைத்துக்கொள்வோம். நம் கண் அதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். அந்த ஒரு நொடியில் 3 மீட்டர் செல்கிறோமா, 7 மீட்டர் செல்கிறோமா என்பதைப் பொறுத்தே அந்தக் குழந்தையின் நிலை அமையும். சாலையில் லாரிக்கு முன் நாம் எளியவர்கள். நடைபாதையில் குழந்தைகளும் முதியோரும் நமக்கு முன் எளியவர்கள்.

ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் நகர்ந்துவிடும். சாதாரணப் பேருந்து ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அதாவது, ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கார் ஒரு பேருந்தின் நீளத்தைக் கடந்துவிடும். அதன் பிறகுதான் வேகமே குறையத் தொடங்கும். சாலை ஈரமாக இருந்தால் கார் நிற்க இன்னும் அதிகத் தொலைவு தேவைப்படும். ஆகவே, ஓட்டுநர் நம்மை எவ்வளவு சீக்கிரம் காண்கிறாரோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது.

கண்ணில் படுவது எப்படி?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ மாலை ஏழு மணிக்கே மறைகிறது. மறைந்த சிறிது நேரத்திலேயே இருட்டிவிடும். பள்ளி இணைப்பாட நடவடிக்கை முடிந்து மாணவர்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். மாலை ஏழு முதல் காலை ஏழு மணி வரை, மிதிவண்டியின் முன்புறம் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பின்புறம் சிவப்பு விளக்கோ சிவப்பு ஒளிப்பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். முன்விளக்கு நமக்கு வழி காட்டுவதற்காக மட்டும் பொருத்தப்படுவதன்று. பிறர் நம்மைக் காண்பதற்கும் அது தேவை.

கறுப்புச் சட்டை இருளோடு கலந்துவிடும். வெளிர்நிறச் சட்டை ஓரளவுக்கு உதவும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் இன்னும் நன்கு உதவும். அவற்றைக் கணுக்காலில் கட்டிக்கொள்வது சிறந்தது. மிதிக்கும்போது அவை மேலும் கீழும் அசைவதால், முன்னே செல்வது ஒரு மிதிவண்டி என்று ஓட்டுநர் உடனே அறிந்துகொள்வார்.

விளக்கு எரிந்தாலும் சில இடங்களில் நாம் ஓட்டுநரின் கண்ணில் படமாட்டோம். லாரி, பேருந்து போன்ற பெரிய வாகனங்களைச் சுற்றிப் பார்வைக்கு எட்டாத பகுதிகள் உள்ளன. ஓட்டுநர் வலப்பக்கத்தில் உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கிறார். எனவே, வாகனத்தின் இடப்பக்கம் அவருக்கு மிகக் குறைவாகவே தெரியும். வாகனத்திற்கு மிக அருகில் முன்னாலும், நேர் பின்னாலும் நிற்பவர்களையும் அவரால் காண முடியாது. அவரது பக்கக் கண்ணாடியில் அவருடைய முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நம் முகமும் அவருக்குத் தெரியாது. ஒட்டி நிற்காமல், அவர் முகம் தெரியும் அளவுக்குப் பின்தள்ளி நிற்பதே நல்லது.

லாரி திரும்பும்போது மற்றோர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நீளமான வாகனம் ஒன்று வளைவில் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற வழியே செல்வதில்லை. அவை உட்பக்கமாக, நடைபாதை விளிம்பை நெருங்கிச் செல்கின்றன. முன்சக்கரம் போகும்போது போதுமானதாகத் தோன்றிய இடைவெளி, பின்சக்கரம் வரும்போது இல்லாமலே போய்விடுகிறது. முதியவர் அந்த மாணவனைப் பின்னால் அழைத்ததன் காரணம் இதுவே. நிற்கும் லாரியையோ பேருந்தையோ இடப்பக்கமாகக் கடந்து செல்லக்கூடாது. பேருந்து நிறுத்தத்தில் அப்படிச் சென்றால், இறங்கி வரும் பயணிகள் மீதும் மோத நேரிடும்.

நிறுத்தி வைக்கப்பட்டுள்ள கார்களும் ஆபத்தானவையே. ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தால், அது நம் பாதையில் திடீரென்று எழும்பிய சுவர்போல நிற்கும். எனவே, அத்தகைய கார்களிலிருந்து கதவின் அகலமாவது தள்ளி ஓட்ட வேண்டும். நாம் காரில் பயணம் செய்யும்போதும் இதை மறக்கக்கூடாது. கதவுக்குத் தொலைவில் உள்ள கையால் கதவைத் திறந்து பழக வேண்டும். வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்தால் உடல் தானாகவே திரும்பும். கண் பின்னால் வருவோரைப் பார்த்துவிடும். இந்தச் சிறு பழக்கம் மற்றொரு மிதிவண்டி ஓட்டுநரின் உயிரைக் காக்கும்.

பிறர் கணிக்கும்படி ஓட்டுதல்

சாலையில் இடப்பக்க ஓரமாக, நேர்க்கோட்டில் செல்ல வேண்டும். ஆனால், நடைபாதை விளிம்பை உரசிக்கொண்டு செல்வது நல்லதன்று. அங்கேதான் வடிகால் கம்பிகளும் மணலும் இருக்கும். அவற்றைத் தவிர்க்க நாம் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்கினால், பின்னால் வரும் வாகன ஓட்டுநர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். மழை நாளில் வடிகால் மூடிகளும் சாலையில் தீட்டப்பட்ட வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ, பிரேக்கைச் சட்டென்று பிடிக்கவோ கூடாது.

திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும். பிறகு, திரும்பும் பக்கத்துக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அதன் பின்னரே திரும்ப வேண்டும். பின்னால் பார்க்கும்போது பலருக்கு வண்டி ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே, வாகனங்கள் இல்லாத திறந்தவெளியில் இதைப் பயின்ற பிறகே சாலைக்கு வர வேண்டும்.

போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது மிகவும் ஆபத்தானது. வரும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டே செல்லலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கிளைச்சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வாகனங்கள் வலப்பக்கத்திலிருந்து வருவதால் அவர் அங்கேதான் பார்ப்பார். எதிர்த்திசையில் செல்பவரோ அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறார். மேலும், இருவரும் எதிரெதிரே வருவதால் இருவரின் வேகங்களும் ஒன்றுசேர்ந்து, விலகிக்கொள்வதற்கான நேரத்தைக் குறைத்துவிடும்.

பாதையிலிருந்து சாலையைக் கடக்கும்போது நின்று, இருபுறமும் பார்த்து, நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும். கூட்டம் இருந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிச் செல்வதே நல்லது. காதொலிக் கருவியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுபவர், பின்னால் வருவதை அறியும் வாய்ப்பைத் தாமே இழந்துவிடுகிறார்.

சினம் மூளும்போது

விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினாலும் சில நேரங்களில் பிறர் நம்மீது எரிந்துவிழக்கூடும். ஒருவர் காரின் ஒலிப்பானை விடாமல் அழுத்துவார். இன்னொருவர் கண்ணாடியை இறக்கித் திட்டுவார். ‘தவறு அவருடையது, நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?’ என்ற எண்ணம் நமக்கு எழுவது இயல்பே.

ஆனால், சினம் கொண்ட ஓட்டுநர் அமர்ந்திருப்பது ஓர் இயந்திரத்தினுள். நாம் அதன் வெளியே, பாதுகாப்பின்றி இருக்கிறோம். பதிலுக்குத் திட்டுவதும், காரைத் தட்டுவதும், துரத்திச் செல்வதும் ஆபத்தை வளர்க்குமே தவிரக் குறைக்கா. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பாதுகாப்பாக ஓரம் கட்டி, அந்த வாகனத்தைப் போகவிட வேண்டும். அவர் வேண்டுமென்றே நம்மை இடிக்க வந்திருந்தால், வாகன எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும். காவல்துறையிலும் புகார் செய்யலாம். அது கோழைத்தனம் ஆகாது.

யாரேனும் பின்தொடர்ந்தால்

பூங்கா இணைப்புப் பாதையில் இருட்டிய பிறகு செல்லும்போது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் என்ன செய்வது? முதலில், அந்த உள்ளுணர்வை அலட்சியம் செய்யக்கூடாது. வேகத்தை மாற்றியும் வழியை மாற்றியும் பார்க்கலாம். அவரும் அப்படியே செய்தால், ஆள் நடமாட்டமுள்ள இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும். காப்பிக்கடை, பேருந்து நிறுத்தம், பெட்ரோல் நிலையம், சமூக மன்றம் ஆகியவை அத்தகைய இடங்கள். வீட்டுக்கு நேராகச் செல்ல வேண்டாம்; மின்தூக்கியில் தனியாக அகப்பட்டுக்கொள்ள நேரிடலாம்; நம் வீடு எது என்பதையும் அவர் அறிந்துகொள்வார்.

யாரேனும் வழிமறித்தால், மிதிவண்டியை நமக்கும் அவருக்கும் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அது ஒரு வேலிபோல உதவும். உரத்த குரலில் உதவி கேட்க வேண்டும். வண்டியையோ கைப்பேசியையோ கேட்டால் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். வண்டியை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பாதுகாப்பான இடத்தை அடைந்தவுடன் 999 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும். எந்த வழியாகச் செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படும் பழக்கம் இத்தகைய வேளையில்தான் கைகொடுக்கும்.

விபத்து நேர்ந்தால்

விபத்து நேர்ந்தால் அங்கிருந்து ஓடிவிடக்கூடாது. எழ முடிந்தால் சாலையிலிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்திற்கு வர வேண்டும். பிறருக்குப் பலத்த காயம் ஏற்பட்டிருந்தால், அவரைத் தூக்கவோ தலைக்கவசத்தைக் கழற்றவோ முயலக்கூடாது, கழுத்தில் அடிபட்டிருக்கலாம். உடனே 995 என்ற எண்ணில் அவசர மருத்துவ வாகனத்தை அழைக்க வேண்டும்.

மாணவர்கள் பலர் கீழே விழுந்தவுடன், வெட்கத்தினால் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டிலும் சொல்வதில்லை. தலையில் பட்ட அடியின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியவரலாம். தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்டி சேதமானதற்காகத் திட்டு விழுமோ என்று அஞ்சி மறைப்பது, பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

மிதிவண்டி நமக்குச் சுதந்திரத்தைத் தருகிறது. பெட்ரோல் வேண்டாம், பேருந்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நம் கால்களின் வலிமையாலேயே நூலகத்திற்கும் கடற்கரைக்கும் நண்பர் வீட்டிற்கும் சென்று வரலாம். அச்சத்தினால் அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

ஜூரோங் சந்திப்பில் நின்ற அந்த மாணவனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவன் யாரையும் எதிர்த்துப் போராடவில்லை. ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு, சில மீட்டர் பின்னால் நகர்ந்தான். அடுத்த முறை அவனை எச்சரிக்க அந்தப் பெரியவர் அங்கே இருக்கமாட்டார். ‘இப்போது நான் யார் கண்ணில் படுகிறேன்? யார் கண்ணில் படவில்லை?’ என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாமும் ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்.